தாங்குதிறன்: சொல் விளக்கம்

பயிர் ரகங்களைப் பற்றிய துண்டறிக்கைகளிலும் கைபேசிச் செயலிகளிலும் ‘அழுத்த சகிப்புத்தன்மை’ என்ற தொடர் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘அபயாட்டிக் ஸ்ட்ரெஸ் டாலரன்ஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் பிறந்த தொடர் இது. காங்கேயம் பக்கம் மேட்டாங்காட்டில் சோளம் விதைக்கிறவரிடம் இதைச் சொன்னால் ஒன்றும் விளங்காது. ‘வாட்டம் தாங்கும்ங்க’ என்றால் அந்த நொடியே விளங்கிவிடும். அவர் வாயில் இருக்கும் ‘தாங்கும்’ என்ற வினைதான் இங்கே சரியான சொல் என்பது என் எண்ணம். ஆனால் அந்தச் சொல்லையும் கண்ட இடத்திலெல்லாம் போட்டுவிடக் கூடாது.

முதலில் பொருள். பயிருக்கு வரும் தொல்லை இரண்டு வகை. பூச்சி, பூஞ்சணம், களை என உயிருள்ளவை தருவது ஒன்று. வறட்சி, உப்பு, கடும் வெயில், குளிர், தண்ணீர் தேங்குவது, மண்ணில் சத்துக் குறைவது என உயிரில்லாதவை தருவது இன்னொன்று. இந்த இரண்டாம் வகைத் தொல்லையில் சாகாமலும், விளைச்சலைப் பெரிதாக இழக்காமலும் நிற்கிற பண்பைத்தான் அந்த ஆங்கிலத் தொடர் குறிக்கிறது. ‘அபயாட்டிக்’கில் உள்ள ‘பயோஸ்’ கிரேக்கத்தில் உயிர் வாழ்வைக் குறிக்கும் சொல். முன்னால் இருக்கும் ‘அ’ இல்லாமையைக் காட்டும். ‘உயிர்சாரா’ என்று தமிழில் சொன்னால் போதும்.

‘ஸ்ட்ரெஸ்’ கொஞ்சம் சுற்றி வந்த சொல். ‘ஸ்ட்ரிக்டஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு இறுகக் கட்டியது, ஒடுங்கியது என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இடுக்கண், துன்பம் என்றாகியிருந்தது. பிறகு பொறியாளர்கள் அதை எடுத்துக்கொண்டு, ஒரு பொருளின் மேல் சுமை ஏறும்போது உள்ளே உண்டாகும் விசைக்குப் பெயராக வைத்தார்கள். நம் பள்ளி இயற்பியல் நூல்களில் இது ‘தகைவு’. அந்த விசையால் பொருள் உருமாறுவது ‘திரிபு’. 1972இல் ஜேக்கப் லெவிட் என்ற தாவர உடலியலாளர் இந்த இரண்டு கருத்துகளையும் பயிருக்குப் பொருத்தி விரிவாக எழுதினார். வெளியிலிருந்து வரும் நெருக்கடி ஒன்று, அதனால் செடிக்குள் நேரும் மாற்றம் இன்னொன்று. மதியம் துவண்ட இலை சாயங்காலம் தெளிந்துவிட்டால் அது மீளக்கூடிய திரிபு. ஒரு தண்ணி பாய்ச்சியும் எழுந்திருக்கவில்லை என்றால் மீளாத திரிபு.

‘அழுத்தம்’ ஏன் கூடாது? பயிரின் உடலியலில் அழுத்தம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் செல்சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளுவது ஓர் அழுத்தம். வறட்சியில் அந்த அழுத்தம் குறைவதால்தான் இலை தொங்குகிறது. அப்புறம் ‘அழுத்தத்தால் அழுத்தம் குறைகிறது’ என்று எழுத வேண்டிவரும், படிக்கிறவர் பாவம். மனநலக் கட்டுரைகளில் ‘மன அழுத்தம்’ நிலைத்துவிட்டது, அது அங்கேயே இருக்கட்டும். பயிருக்கு ‘நெருக்கடி’ நன்றாகப் பொருந்தும். நெருக்கு என்ற வினையில் பிறந்த சொல் அது. லத்தீன் சொல்லில் இருந்த ஒடுக்கமும் இதில் இருக்கிறது, அன்றாடப் பேச்சிலும் புழங்குகிறது. வறட்சி நெருக்கடி, உப்பு நெருக்கடி என்று சொல்ல நாக்கு தயங்குவதில்லை.

அடுத்து ‘டாலரன்ஸ்’. லத்தீனில் ‘டாலராரே’ என்றால் சுமத்தல், பொறுத்தல். அந்த வேரின் உறவாக மொழியியலாளர்கள் காட்டும் சொற்களில் வடமொழித் ‘துலா’வும் ஒன்று. நம்முடைய துலாக்கோல் அங்கிருந்து வந்ததுதான். ஆக, சுமையைத் தூக்கிப் பிடிப்பதே அடிப்படைப் பொருள். தமிழில் இதற்கு நேராக நிற்பது ‘தாங்கு’. மலையாளத்திலும் ‘தாங்ஙுக’ என்று இதே பொருளில் இருக்கும் திராவிட வினை அது. சுமைதாங்கிக் கல்லில் சுமப்பது என்ற பொருள், ‘வலி தாங்க முடியவில்லை’ என்பதில் பொறுப்பது என்ற பொருள். இரண்டும் பயிருக்கு வேண்டும். ‘சகிப்புத்தன்மை’ இன்றைக்கு மதம், கருத்து, அண்டை அயலார் பற்றிய சொல்லாகிவிட்டது. ‘எதிர்ப்புத்திறன்’ நோய்க்கும் பூச்சிக்கும் உரியது. உள்ளே நுழைய வருவதைத்தான் எதிர்க்க முடியும், வராத மழையை எதிர்க்க முடியாது.

சரி, சொல் கிடைத்துவிட்டது. இதை எங்கே போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். வறட்சியைச் சந்திக்கப் பயிர்களிடம் மூன்று வழிகள் உண்டு. தமிழில் அவற்றைத் தப்புதல், தவிர்த்தல், தாங்குதல் என்று பிரித்துச் சொல்லலாம். கொங்கு நாட்டுக் காட்டு வெள்ளாமை தெரிந்தவர்களுக்கு மூன்றும் பழக்கமானவை.

தப்புதல் என்பது வறட்சி வருவதற்குள் விளைந்து முடிப்பது. 65 நாளில் கைக்கு வரும் பாசிப்பயறு இந்த வகை. பட்டத்தில் விதைத்தால் மண்ணில் ஈரம் இருக்கும்போதே காய் முற்றிவிடும். பட்டம் தவறிவிட்டால் அதற்கு வேறு வித்தை தெரியாது.

தவிர்த்தல் என்பது வெளியே வறட்சி இருந்தாலும் உடம்புக்குள் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வது. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளின் கொறங்காடு இதற்கு ஒரு பாடசாலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிற, பாசன வசதி இல்லாத மேய்ச்சல் நிலம் அது. காங்கேயம் மாடு அதில்தான் வளர்ந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். கிளுவை வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டைக் குச்சியாக நிற்கும். இலை இல்லாவிட்டால் ஆவியாகப் போகும் தண்ணீரும் மிச்சம். வெள்வேல மரம் வேரை ஆழத்துக்கு அனுப்பி அங்கே இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொள்ளும், கோடையிலும் காய் தந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். கொழுக்கட்டைப் புல் மேலே முழுக்கக் காய்ந்தாலும் தூர் செத்துப்போவதில்லை. ஒரு மழை போதும், பச்சை கட்டிவிடும். இந்தப் புல் தவிர்ப்பதா தாங்குவதா என்றால் இரண்டும் கலந்தது என்றுதான் சொல்ல முடியும். செடிகள் நம் வகைப்பாட்டைப் படித்துவிட்டு வளர்வதில்லை.

தாங்குதல் இவற்றிலிருந்து வேறு. செல்லுக்குள்ளேயே தண்ணீர் குறைந்துபோன பிறகும் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அது. புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சில சர்க்கரைகளையும் செடி செல்லுக்குள் சேர்த்துக்கொள்கிறது. அவை இருக்கிற தண்ணீரை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கின்றன, புரதங்களும் சவ்வுகளும் உருக்குலையாமல் காக்கின்றன. இந்தத் திறனை உச்சத்தில் பார்க்க வேண்டுமென்றால் விதையைப் பார்க்க வேண்டும். குதிரில் கொட்டி வைத்த சோள விதையில் ஈரம் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஓர் இலையில் ஈரம் அந்த அளவுக்கு இறங்கினால் அது சருகு. விதைக்கு ஒன்றும் ஆவதில்லை. முற்றும் பருவத்தில் விதைக்குள் சேரும் தனிவகைப் புரதங்கள் இதற்குத் துணை நிற்கின்றன. அவை முதன்முதலில் 1980களின் தொடக்கத்தில் பருத்தி விதையில் கண்டறியப்பட்டன. வறட்சி வந்ததும் இலைத்துளைகளை மூடச் சொல்லும் அப்சிசிக் அமிலமும் பருத்தியோடு தொடர்புள்ளதுதான். பருத்திக் காய் ஏன் உதிர்கிறது என்று ஆராயப் போன இடத்தில், 1960களில் அது பிடிபட்டது. பருத்தியால் வாழ்ந்த கொங்கு மண்ணுக்கு இந்த இரண்டு செய்திகளும் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சோளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வறட்சியில் அது இலையைச் சுருட்டிக்கொள்ளும், இலை மேலும் தண்டின் மேலும் மெழுகு பூசிக்கொள்ளும், வளர்ச்சியை நிறுத்திவிட்டு மழைக்காகக் காத்திருக்கும். அப்படி வாடி நிற்கும் இளம்பயிரில் மாட்டைக் கொல்லக்கூடிய சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். அதனால்தான் வாட்டத்தில் குன்றிப்போன பச்சைச் சோளத்தில் மாட்டை விடக் கூடாது என்கிறார்கள். பயிர் தாங்கிவிட்டது என்பதற்காக அது தீனிக்கு ஆகும் என்று பொருளில்லை.

இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைப்பதால் வரும் நட்டம் சிறியதில்லை. குறுகிய வயதுள்ள ரகம் ஒன்றை ‘வறட்சி தாங்கும்’ என்று எழுதி விற்றால், வாங்கியவர் பட்டம் தள்ளி விதைத்தாலும் பயமில்லை என்று நினைத்துக்கொள்வார். அந்த ரகம் தப்பும் ரகம். நடுவில் வறட்சி பிடித்தால் கருகிவிடும். ‘வறட்சிக்கு முன் முடியும்’ என்று எழுதியிருந்தால் அவருக்கு உதவியிருக்கும்.

இனி உப்பு. இங்கே தமிழ் ஆங்கிலத்துக்குக் கடன்படவில்லை. உவர், களர் என்று இரண்டு சொற்கள் நம்மிடம் உண்டு. ‘பயவாக் களரனையர் கல்லா தவர்’ என்பது 406ஆம் குறள். விளையாத நிலத்துக்குக் களர் என்று பெயர் வைத்து எத்தனையோ நூற்றாண்டாகிவிட்டது. இன்றைய மண்ணியலில் கரையும் உப்பு மிகுந்து, மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டிய நிலம் உவர். சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, கார அமில நிலை 8.5க்கு மேல் போனது களர். மருந்தும் வேறு வேறு. உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கரைத்து வடித்துவிட வேண்டும். களருக்கு ஜிப்சம் போட்டுச் சோடியத்தைப் பெயர்த்த பிறகுதான் வடிக்க முடியும். ஆகவே ‘உப்பு தாங்கும் ரகம்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, உவர் தாங்குமா களர் தாங்குமா என்று பிரித்து எழுத வேண்டும்.

உப்பு பயிருக்கு இரண்டு வழியில் கெடுதல் செய்கிறது. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்வதைப் போல, உப்பு மிகுந்த மண் வேரைத் தண்ணீர் எடுக்க விடாமல் செய்கிறது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும், பயிர் வறட்சியில் வாடும். உள்ளே போய்ச் சேரும் சோடியமும் குளோரைடும் நஞ்சாவது இரண்டாவது கெடுதல். இலை நுனியும் ஓரமும் கருகத் தொடங்குவது இதனால்தான். சில பயிர்கள் சோடியத்தை வேரிலேயே மறித்துவிடுகின்றன, அது தவிர்த்தல். சில பயிர்கள் அதை உள்ளே விட்டு, செல்லின் நடுவில் உள்ள வாக்குவோல் என்னும் நீர்ப்பையில் பூட்டி வைக்கின்றன, அது தாங்குதல்.

நொய்யல் கரையில் இதையெல்லாம் பாடமாகப் படிக்க வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு அது. திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். சாயக்கழிவோடு அந்த உப்பும் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணை, சுற்றியிருந்த கிணறுகளை உப்புத்தண்ணியாக்கிவிட்டது. கழிவை வெளியே விடாத முறைக்கு மாறாததால், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மண்ணில் ஏறிய உப்பு தீர்ப்பு வந்த அன்றைக்கே இறங்கிவிடுமா?

அந்த மாதிரி நிலத்தில் எதை விதைப்பது என்பதற்கு அளவுகள் இருக்கின்றன. மாஸ், ஹாஃப்மன் என்ற இருவர் 1977இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். மண்ணின் உப்பு எந்த அளவைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது அதில் இருக்கிறது. பின்னர் விரிவாக்கப்பட்ட அந்தப் பட்டியலின்படி, அதே டெசிசீமன்ஸ் கணக்கில் பீன்ஸுக்கு 1, மக்காச்சோளத்துக்கு 1.7, சோளத்துக்கு 6.8, பருத்திக்கு 7.7. கோழித்தீவனத்துக்காகச் சோளக்காடுகள் மக்காச்சோளக் காடுகளாக மாறியபோது, உப்பைத் தாங்கும் பயிர் போய்த் தாங்காத பயிர் வந்தது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

குளிரைப் பற்றிச் சுருக்கமாக. நம் சமவெளியில் உறைபனி கிடையாது. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால், உதகைப் பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அது தேயிலையைக் கருக்கும். குளிரும் உறைபனியும் ஒன்றில்லை. உறைநிலைக்கு மேலேயே, வாழை போன்ற வெப்பநாட்டுப் பயிர்களின் செல்சவ்வில் இருக்கும் கொழுப்பு இறுகி வேலை கெடுவது குளிர் நெருக்கடி. உறைபனியிலோ செல்களுக்கு இடையில் பனிக்கட்டி உண்டாகி, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. அதாவது செல் உலர்ந்துபோகிறது. வறட்சி, உப்பு, உறைபனி மூன்றும் கடைசியில் தண்ணீர்ப் பஞ்சமாகத்தான் செல்லுக்குத் தெரிகின்றன. மூன்றுக்கும் செடி அதே புரோலினையும் சர்க்கரைகளையும் அப்சிசிக் அமிலத்தையும் கையில் எடுப்பது அதனால்தான். ‘தாங்குதிறன்’ என்ற ஒரே சொல்லை மூன்றுக்கும் பொதுவாக வைப்பதற்கு இதுவே எனக்குப் பெரிய நியாயமாகப் படுகிறது.

தாங்குதிறனை ஒரு பயிரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோன பெரிய வேலை ஒன்று கோவையிலேயே நடந்திருக்கிறது. 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், ‘வெள்ளை’ என்ற இனிப்புக் கரும்பை ஆற்றங்கரைகளில் தானாக வளரும் பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். அதில் கிடைத்த கோ 205 ரகம் 1918இல் வெளிவந்தது. இனிப்பு ஒரு பக்கத்திலிருந்தும் உறுதி இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்ததால், நம் பக்கத்துத் தடித்த கரும்புகள் நிற்க முடியாத வட இந்திய நிலங்களில் அது நின்றது. பெயரில் இருக்கும் ‘கோ’ கோயம்புத்தூரைக் குறிக்கிறது.

இன்னும் ஒரு சொல் பாக்கி. மானாவாரிச் சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரநிலைக்கு வரும்வரை நிழலில் உலர்த்தி விதைக்கும் பரிந்துரை ஒன்று உண்டு. முளைத்த பயிர் தொடக்கத்து வறட்சியைத் தாங்க அது உதவும். இதை ‘விதை கடினப்படுத்துதல்’ என்று எழுதுகிறார்கள். விதை இதில் கடினமாவதில்லை, நனைந்து உலரும் நெருக்கடிக்கு ஒருமுறை பழகிக்கொள்கிறது. மாட்டை ஏருக்குப் பழக்குவது என்கிறோமே, அந்தப் ‘பழக்குதல்’ இங்கே சரியாக இருக்கும். விதை பழக்குதல், குளிருக்குப் பழக்குதல் என்று எழுதலாம். முழுத் தொடருக்கு ‘சூழல் நெருக்கடி தாங்குதிறன்’. பூச்சி, நோய்களிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘உயிர்சாரா நெருக்கடி தாங்குதிறன்’. தனித்தனியாக வறட்சி தாங்குதிறன், உவர் தாங்குதிறன், களர் தாங்குதிறன், குளிர் தாங்குதிறன், உறைபனி தாங்குதிறன். விதைப் பை மேல் அச்சடிக்க இத்தனையும் வேண்டாம், ‘வாட்டம் தாங்கும்’ போதும்.