சருகு இல்லாத டப்பா

"தம்பி, மூடியைத் திறந்தா தலை சுத்துது" என்று போன மாதம் ஓர் அக்கா போன் செய்தார். சமூகத் தோட்டங்களில் மட்கு உரம் போடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. போய் அவர் வீட்டு உர டப்பாவைப் பார்த்தேன். கீரைத்தண்டு, தர்பூசணித் தோல், தேங்காய்ச் சக்கை எல்லாம் கூழாகி, அடித்தட்டில் ஒரு கோப்பை கறுப்புத் தண்ணீர். சருகு ஒன்றுகூட இல்லை.

சிங்கப்பூரில் எரித்த குப்பையின் சாம்பல் போய்ச் சேரும் செமாக்காவ் தீவுக் குப்பைக்கிடங்கு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று சொல்லித்தான் எல்லாரையும் உரம் போட அழைக்கிறோம். வீடு நாறினால் செமாக்காவை யார் நினைக்கப்போகிறார்கள்?

காய்கறிக் கழிவில் பெரும்பங்கு தண்ணீர். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் மூடிய டப்பாவுக்குள், அது எங்கே உலரும்? இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டால் காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகும். அந்த அழுகிய முட்டை வாடை அவற்றின் வேலை. ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு மூன்று கிண்ணம் சருகு போடுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு என்பது பாடக் கணக்கு. வீட்டில் அதையெல்லாம் யார் அளப்பது? ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள், பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

புளோக்கின் கீழே தூங்குமூஞ்சி மரம் இருந்தால் யோகம். இலை பொடிசு, நொறுக்கவே வேண்டாம். பெருக்கும் அண்ணனிடம் கேட்டால் ஒரு பை தருவார். மாவிலையைக் கிழித்துத்தான் போட வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் முட்டை அட்டை.

மீன் தலை, எலும்பு, மிஞ்சிய சாம்பார் வேண்டாம். எலியும் கரப்பானும் வரும். அடித்தட்டைத் தினமும் கொட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தாழ்வாரத்தில் வைத்தால் 1.2 மீட்டர் வழி விடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று: நம் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற காய்ச்சலைத் தரும் கிருமி உண்டு, வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். கையுறை போடாமல் மண்ணிலோ உரத்திலோ கை வைக்காதீர்கள்.

அக்காவின் டப்பாவில் ஒரு பை சருகைக் கொட்டிக் கிளறிவிட்டு வந்தேன். நேற்று மறுபடி போன். நாற்றம் போய்விட்டதாம், இப்போது தட்டையாகப் பழுப்புப் புழுக்களாம். கறுப்புப் படைவீரன் ஈயின் புழு, கடிக்காது, அதுவும் கழிவைத்தான் தின்னும் என்றேன்.

"அதுக்கும் நான்தான் சமைச்சுப் போடணுமா?" என்றார்.