சான்றிதழ் செல்லும், ஆனால் யாருடையது?

பாதுகாப்புக்காக ஒரு நிரலை ரிவ்யூ செய்ய உட்கார்ந்தால் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு இடத்தை. இணைப்பை என்கிரிப்ட் செய்யும் டிஎல்எஸ் முறையில் (பழைய பெயர் எஸ்எஸ்எல்) சர்வர் தான் யார் என்று காட்ட நீட்டும் சான்றிதழில் உள்ள பெயரும் நாம் கூப்பிட்ட சர்வரின் பெயரும் ஒன்றுதானா என்று அது எங்கே பார்க்கிறது? பல நேரம் எங்கேயும் பார்ப்பதில்லை. அல்லது டெஸ்டிங்குக்காக யாரோ அணைத்து வைத்தது அப்படியே புரொடக்‌ஷன் வரை வந்திருக்கும்.

"டிஎல்எஸ் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்பார்கள். நம்பகமான அமைப்பு வழங்கிய, காலாவதியாகாத சான்றிதழ்தானா என்பது ஒரு சோதனை. நாம் தேடிப்போன ஹோஸ்டுக்கு உரியதா என்பது வேறு சோதனை. சொந்த டொமைன் இருந்தால் யாரும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் அமைப்பிடம் இலவசமாகச் சான்றிதழ் வாங்கிவிடலாம். இணைப்பின் நடுவே புகுந்தவர் அதை நீட்டினால் முதல் சோதனை சத்தமில்லாமல் தேறிவிடும். பாஸ்வேர்டும் டோக்கனும் ஒழுங்காக என்கிரிப்ட் ஆகி அவர் கைக்கே போய்ச் சேரும்.

நூலகங்களும் இதில் நிறையப் படுத்தியிருக்கின்றன. நிரல்கள் சர்வரோடு தரவு பரிமாறப் பயன்படுத்தும் கர்ல் நூலகத்தில் இந்தப் பெயர்ச் சோதனைக்குச் சரியான மதிப்பு 2. 'ஆமாம், சோதி' என்று நினைத்து ட்ரூ என எழுதினால் அது 1 ஆகிவிடும். அந்தக் காலத்தில் 1 என்றால் சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தாலே போதும்! பாதுகாக்க எழுதிய வரியே கதவைத் திறந்துவிட்டது. 2012-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை இதை அம்பலப்படுத்தியதும் கர்ல் அந்த வசதியை நீக்கியது. டிஎல்எஸ் வேலையைச் செய்யும் நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லில் பெயரை ஒப்பிடும் ஃபங்ஷனே 1.0.2 பதிப்பில்தான் வந்தது. பைத்தானின் எச்டிடிபி நூலகங்கள் தாமாகச் சோதிக்கத் தொடங்கியது 2014-ல் வந்த 2.7.9-இல் இருந்துதான். ஜாவாவில் நேரடியாக எஸ்எஸ்எல்சாக்கெட் என்ற டிஎல்எஸ் இணைப்பைத் திறந்தால், கேட்காமல் அது பெயரைப் பார்க்காது.

டேட்டாபேஸ் இணைப்பை யாரும் கவனிப்பதே இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எஸ்எஸ்எல்மோட் என்ற செட்டிங்கை 'ரெக்வயர்' என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அது பெயரைச் சோதிக்காது, 'வெரிஃபை-ஃபுல்' வேண்டும்.

ஒப்பிடும் நிரலை நீங்களே எழுத மட்டும் போகாதீர்கள். வைல்ட்கார்டின் நட்சத்திரம் ஒரே ஒரு அடுக்கைத்தான் மூடும், *.எக்சாம்பிள்.காம் என்ற சான்றிதழ் ஏ.பி.எக்சாம்பிள்.காமுக்குச் செல்லாது. சான்றிதழில் பெயர் எழுதும் பழைய இடமான காமன் நேம் புலத்தைப் பார்ப்பதைக் குரோம் 2017-லேயே விட்டுவிட்டது. இப்போது சான்றிதழில் உள்ள மாற்றுப்பெயர்ப் பட்டியல்தான் கணக்கு. ஐபி முகவரியால் இணைந்தால் அந்த ஐபியும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழை வரும், பிழை வந்தால் யாராவது சோதனையையே அணைப்பார்கள். உள் சர்வர்களுக்குச் சரியான பெயரோடு சான்றிதழ் வழங்கி, உங்கள் சிஏவை (சான்றிதழ் வழங்கும் அமைப்பை) நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பது அரை நாள் வேலை.

சரி, உங்கள் நிரல் எப்படி? வேறு பெயருக்கு வழங்கிய, மற்றபடி குறையில்லாத சான்றிதழோடு ஒரு டெஸ்ட் சர்வரை ஓடவிட்டு இணைத்துப் பாருங்கள். இணைப்பு தோற்க வேண்டும். அந்த டெஸ்டைச் சிஐயில் (நிரல் மாறும்போதெல்லாம் தானாக டெஸ்ட் ஓட்டும் ஏற்பாட்டில்) சேர்த்துவிட்டால், நாளைக்கு யாராவது சோதனையை அணைத்தாலும் பில்ட் அங்கேயே நின்றுவிடும்.