வழிப்படைப்பு: தழுவல் அல்ல

மண்டபம் ஊரில் நண்டு வாங்கி வெளியூர் அனுப்பும் ஒரு கம்பெனிக்கு எடை பில் போடும் மென்பொருள் எழுதிய தம்பி, ஒப்பந்தத்தின் தமிழ்ப் படியைக் கொண்டுவந்து காட்டினார். ஐஸ் தண்ணீர் பட்டு ஓரம் ஊறிப்போன தாள். ‘திறமூல நிரலின் தழுவல் எதுவும் இதில் இல்லை’ என்று ஒரு வரி. “ஜிபிஎல் லைப்ரரி ஒண்ணு இருக்கு. ஆனா ஒரு வரிகூட மாத்தலண்ணே, அப்படியே சேர்த்திருக்கேன். கையெழுத்துப் போடலாம்ல?” திறமூல நிரல் என்பது எவரும் பார்த்து, எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைத்த நிரல். லைப்ரரி, பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு. ஜிபிஎல், அப்படிப்பட்ட நிரல்களுக்குத் தரும் உரிமங்களில் ஒன்று; அதன் வழிவந்ததை வெளியே கொடுத்தால் அதே உரிமத்தில்தான் கொடுக்கச் சொல்கிறது.

இந்தத் ‘தழுவல்’ எத்தனையோ ஒப்பந்தங்களில் கண்ணை உறுத்திவிட்டது.

ஆங்கிலத்தில் அது ‘டெரிவேட்டிவ் ஒர்க்’. லத்தீன் வேர், ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரித்துக் கொண்டுபோவது. 1991இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது.

தழுவல் நல்ல சொல். அயல்நாட்டுக் கதையில் ஊரையும் பேரையும் மாற்றி நம் மேடையில் ஏற்றினால் அது தழுவல். நம் 1957 பதிப்புரிமைச் சட்டம் சொல்லும் ‘அடாப்டேஷன்’ என்பதற்கு அப்படியே எழுதலாம், சரி. ஆனால் தழுவல் என்றாலே மாற்றியது என்றுதான் மனதில் படும். ஜிபிஎல்லில் எழும் கேள்வி வேறு: ஓர் எழுத்தும் மாறாத லைப்ரரியோடு நம் நிரலை இணைத்தால், சேர்ந்து நிற்பது அதன் வழிவந்தது ஆகுமா? எப்படி இணைத்தாலும் ஆகும் என்கிறது ஜிபிஎல்லை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை. இயங்கும் நேரத்தில் மட்டும் இணைத்தால் ஆகாது என்று வாதிடும் சட்ட வல்லுநர்களும் உண்டு. ஆகும் என்றால், விற்கத் தடையில்லை. ஆனால் வாங்குகிறவருக்குத் தம்பி எழுதிய மூல நிரலும் அதே உரிமத்தில் கிடைக்க வேண்டும். ஒப்பந்தமோ நிரலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. இவ்வளவு இழுபறியையும் ‘தழுவல்’ மறைத்துவிடுகிறது. மாற்றவில்லை, அதனால் பயமில்லை என்று தம்பி நம்பியது அந்தச் சொல்லால்தான்.

‘பெறப்பட்ட வேலை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள். கீழே கையெழுத்துப் போடப்போகிறவனை நினைப்பதே இல்லை.

நம்மிடம் சொல் இல்லாமலா? முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் பிரித்து வைத்திருக்கிறது. முதல்நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்னால் வந்தவர் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். முதலில் ஒப்புமை, அப்புறம்தான் வேறுபாடு. அதனால்தான் வழிப்படைப்பு என்கிறேன். எதன் வழி வந்தது என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தம்பி கையெழுத்துப் போடவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, லைப்ரரியின் பெயரையும் உரிமத்தையும் ஓரத்தில் எழுதி, ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்க்க பஸ் ஏறினார்.