கடலுக்குள் சிவப்பு எங்கே போகிறது?

திருகோணமலையில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவை ஒட்டிய கடலில் ஐந்து மீற்றர் ஆழத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, மூன்று மீற்றர் தள்ளியிருந்து பாருங்கள். மங்கிய பழுப்பாகத்தான் தெரியும். கிட்டப்போய் டோர்ச் அடித்தால் சிவப்பு திரும்பி வந்துவிடும்.

சாயத்தில் குறையில்லை. மேலிருந்து துணிவரை ஐந்து, துணியிலிருந்து கண்வரை மூன்று, ஆக எட்டு மீற்றர் தண்ணீரை வெளிச்சம் கடக்கிறது. 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பொளியில் ஏறத்தாழ 29 வீதத்தைச் சுத்தமான நீர் ஒவ்வொரு மீற்றரிலும் விழுங்கும். மிச்சத்தில் 29, அந்த மிச்சத்திலும் 29. எட்டாவது மீற்றரில் ஏழு வீதம்கூட மிஞ்சாது. அதே தூரத்தில் நீலம் பத்தில் ஒரு பங்கைக்கூட இழப்பதில்லை.

நீர் மூலக்கூறின் ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பு அகச்சிவப்பில் அதிர்கிறது. வீணைத் தந்தியில் மூலசுரத்தோடு மேல்சுரங்களும் எழுவதுபோல, அந்த அதிர்வின் மேல்சுரங்கள் சிவப்புவரை எட்டி அதை உறிஞ்சுகின்றன. எஞ்சும் நீலம் சிதறி மேலே வருகிறது. கடல்நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பல்ல என்று 1921இலேயே சி. வி. இராமன் காட்டினார், ஆனாலும் பழைய விளக்கம் இன்னும் ஓயவில்லை.

ஆனால் 'நீலமே ஆழம் போகும்' என்பது தெளிந்த கடலுக்கு மட்டும் பொருந்தும். மாரியில் மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் வண்டலைக் கொண்டுவந்து தள்ளும். இலைதழை ஊறிய தேயிலைச்சாய நிறப் பொருளும் கூடவே வரும். அது நீலத்தைத்தான் முதலில் தின்னும். கந்தளாய்க் குளம் போன்ற நீரில் நுண்பாசியின் பச்சையம் நீலம், சிவப்பு இரண்டையும் எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் போனால் மிஞ்சுவது பச்சை. அங்கே ஆழம் போவது அதுதான்.

நீர் எவ்வளவு தெளிவு என்று அளக்க விலைகூடிய கருவி தேவையில்லை. 1865இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்த வட்டத்தட்டு போதும். குளத்துக்கு 20 சென்ரிமீற்றர் தட்டை நான்காகப் பிரித்து, மாறிமாறிக் கறுப்பும் வெள்ளையும் பூசுங்கள். மினுக்கமில்லாத பெயின்ற் நல்லது. கடலுக்கு 30 சென்ரிமீற்றரில் முழு வெள்ளை. அடியில் பாரம் கட்டி, இழுபடாத கயிற்றில் அடையாளமிடுங்கள். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில், வள்ளத்தின் நிழல் பக்கமாக இறக்குங்கள். கறுப்புக்கண்ணாடி வேண்டாம். தட்டு மறையும் ஆழம், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரிதான் அளவு.

1.7ஐ மீற்றரில் உள்ள அந்த அளவால் வகுத்தால், ஆழம் போகப்போக ஒளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று காட்டும் எண் கிடைக்கும். அந்தக் கணக்கின்படி, தட்டு மூன்று மீற்றரில் மறைந்தால் மேற்பரப்பு வெளிச்சத்தில் ஒரு வீதம் மிஞ்சும் ஆழம் சுமார் எட்டு மீற்றர். அதற்குக் கீழே பெரும்பாலான பாசிகளால் உணவாக்கிப் பிழைக்க முடியாது. நன்கு கலங்கிய நீருக்கு 1.7 கூடுதல், 1.4 பொருந்தும்.

பிழை அதிகம் வருவது கயிற்றில்தான். நீரோட்டம் தட்டை இழுத்தால் கயிறு சாயும். அப்போது கயிற்றின் நீளம் ஆழமல்ல, பாரத்தைக் கூட்டுங்கள். புறாமலையைச் சுற்றிய ஆழங்குறைந்த இடங்களில் தட்டு மறையாமலே தரையில் முட்டலாம். அந்த எண்ணைத் தெளிவின் அளவாக எழுதாதீர்கள். 'தரைவரை தெரிந்தது' என்று மட்டும் குறியுங்கள்.