கடைசி நாள்களில் உடம்பு என்ன செய்கிறது?

"ஆள் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. ஒரு சேலைன் எண்டாலும் ஏத்திவிடுங்கோ டொக்டர்." கிளிநொச்சியானாலும் மாங்குளமானாலும், நோய் முற்றிப் படுக்கையில் கிடப்பவரின் பிள்ளைகள் இப்படித்தான் கேட்பார்கள். பாசத்தில் கேட்பது. ஆனால் அந்த நேரத்தில் உடம்புக்குள் நடப்பது வேறு.

புற்றுநோய் முற்றும்போது கட்டியும் அதை எதிர்க்கும் கலங்களும் சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. அவை மூளையில் பசியை அடக்கி, தசையையும் கொழுப்பையும் கரைக்கின்றன. சாப்பிடாததால் மட்டும் ஆள் மெலிவதில்லை. அதனால் வற்புறுத்தி ஊட்டும் கஞ்சி உடம்பில் ஒட்டாது. புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்துத்தான் கூடும். கதிர் முற்றிய வயலுக்கு வாய்க்கால் தண்ணியை மறிக்கத் தெரிந்த எங்கள் ஆக்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை.

சேலைனும் அப்படித்தான். நீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்க உதவும் அல்புமின் என்ற புரதம் இந்நிலையில் குறைந்திருக்கும். ஏற்றும் நீர் வெளியே கசியும், கால் வீங்கும், சளி பெருகும், மூச்சு முட்டும். வாந்தி, வயிற்றோட்டத்தால் வந்த வறட்சி வேறு கதை. அதை மருத்துவர் பார்த்துத் தீர்மானிப்பார். கடைசி நாள்களில் ஆளை வருத்துவது பெரும்பாலும் வாய் காய்வதுதான். பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் அடிக்கடி ஈரமாக்குங்கள்.

அடுத்தது நோ. கடும் நோவைத் தணிக்கக் கொடுக்கும் மருந்து மோர்பின். "மோர்பின் தொடங்கினால் ஆள் முடிஞ்சுது" என்ற பயம் இங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது. இந்தப் பயத்தாலேயே எத்தனையோ பேர் அனுங்கி அனுங்கிச் செத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

நோச் செய்தி நரம்பு வழியாக முள்ளந்தண்டு வடத்துக்கு வந்து, அங்கே அடுத்த நரம்புக்குக் கைமாறி மூளைக்கு ஏறுகிறது. மோர்பின் அந்தக் கைமாற்றும் இடத்தில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் நரம்புக்குள் கல்சியம் நுழைவது குறைவதால் அது செய்தியைக் கடத்தும் இரசாயனத்தைச் சரியாக வெளிவிடாது. அடுத்த நரம்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவதால் அது எளிதில் தூண்டப்படாது. மூளையிலும் இதே வேலை நடக்கிறது. மூச்சு முட்டுகிற அந்தரத்தையும் சிறிய அளவு மோர்பின் தணிக்கும்.

சாதாரண மோர்பின் குளிசை ஏறக்குறைய 4 மணித்தியாலம் வேலை செய்யும். அதனால் நோ வரட்டும் என்று காத்திராமல் மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி, நோவைப் பார்த்துக் கூட்டுவார். இப்படிக் கொடுக்கும்போது மூச்சு நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். ஓங்காளம் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது, ஆகவே மலமிளக்கி கூடவே வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களில் மோர்பினின் கழிவுகள் உடம்பில் தேங்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் கூடுதலாக இருப்பதால், கிளினிக்கில் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

குளிசைக்கு அடங்காத நோவும் உண்டு. 1967இல் இலண்டனில் சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸை, அதாவது கடைசிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் சேர்ந்ததே ஒருவரின் நோ என்றார். 2009இல் காணாமல் போன பிள்ளையின் படத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கும் தாய்க்கு அளவை மட்டும் கூட்டிப் பயனில்லை. பக்கத்தில் இருந்து அவ சொல்வதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். கேரளத்தில் 1990களிலிருந்து ஊர்த் தொண்டர்களைப் பயிற்றி வீடு வீடாக அனுப்புகிறார்கள். கிராமத்துக்கொரு சங்கம் உள்ள வன்னியில் அது முடியாத காரியமல்ல.

கடைசி மணித்தியாலங்களில் கை கால் குளிரும். மூச்சு வேகமாகி, ஆழமாகி, பிறகு சில விநாடி நின்று திரும்பத் தொடங்கும். மூளைத்தண்டின் கட்டுப்பாடு தளர்வதன் அடையாளம் அது. தொண்டையில் கேட்கும் கரகரப்பு, விழுங்க முடியாத எச்சில்தான். கேட்கிற எங்களுக்கு நெஞ்சு பதறும். அவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க விடுங்கள்.

செவி ஓரளவு விழித்திருக்கலாம். கனடாவில் நடந்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பேச்சுமூச்சற்றுக் கிடந்த சில ஹொஸ்பிஸ் நோயாளிகளின் மூளையில் ஒலிகளுக்கான மின்னலைகள் பதிவாகின. ஆகவே சிவபுராணம் ஓதுவதும் ஜெபம் சொல்வதும் வீணில்லை. சொத்துச் சண்டையை அந்த அறையில் பிடிக்க வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்தாலும், முன்கூட்டிப் பேசாத வீட்டில் எல்லாம் குழம்பும். "நாங்கள் வரும்வரை எப்பிடியும் வைச்சிருங்கோ" என்று ரொறன்ரோவிலிருந்து மகன் சொல்ல, அம்புலன்சில் ஏற்றி ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ ஓடுவார்கள். ஆள் தெளிவாக இருக்கும்போதே கேளுங்கள்: வீட்டிலா ஆஸ்பத்திரியிலா இருக்க விருப்பம்? மூச்சு விடவைக்கிற மெசினில் போடச் சம்மதமா? பேச முடியாமல் போனால் யார் முடிவெடுப்பது? பதிலை ஒரு கொப்பியில் எழுதி, குளிசை நேரம், கிளினிக் இலக்கம், வீட்டில் இறந்தால் கிராம அலுவலரை யார் போய்ப் பார்ப்பது என்பதையும் சேர்த்து, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.