வேகன்: சொல்லும் பொருளும்

நான்கு சக்கரங்களில் உருளும், குதிரையோ எருதோ இழுக்கும், பாரம் ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டிக்கே ‘வேகன்’ என்னும் பெயர் முதலில் உரியது. ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து இச்சொல் ஆங்கிலத்துள் புகுந்தது. சுமந்து செல்லுதல் என்னும் பொருளுடைய அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வடமொழி ‘வாஹன’மும் பிறந்ததால், நாம் அன்றாடம் எழுதும் ‘வாகனம்’ இதற்குத் தூரத்து உறவுமுறை ஆகிறது.

இச்சொல்லின் பொருள் குதிரை வண்டியிலிருந்து காருக்கு நகர்ந்ததை ஸ்டூடிபேக்கர் நிறுவனத்தின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். ஹென்றி, கிளெமென்ட் என்னும் ஸ்டூடிபேக்கர் சகோதரர்கள் 1852இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் ஊரில் கொல்லுப்பட்டறை ஒன்றைத் திறந்தனர். தங்கம் தேடிக் கலிபோர்னியா சென்று, சுரங்கத் தொழிலாளருக்குத் தள்ளுவண்டி செய்து விற்றே பொருளீட்டிய தம்பி ஜான், 1858இல் 8,000 டாலருடன் திரும்பி ஹென்றியின் பங்கை வாங்கிக்கொண்டார் (தங்கத்தைவிடத் தள்ளுவண்டியே அவருக்குக் கைகொடுத்தது). அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைக்கு அவர்கள் வேகன்களை வழங்கினர்.

வண்டிச் சக்கரத்தின் மர விளிம்பாகிய வட்டையின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை மாட்டி நீரூற்றினால், அது சுருங்கி, வட்டையையும் ஆரக்கால்களையும் சக்கரத்தின் நடுக்குடத்தோடு இறுக்கிவிடும். அத்தகைய மரவேலையிலும் இரும்புவேலையிலும் தேர்ந்தவர்கள் 1902இல் மின்சாரக் காரையும், 1904இல் பெட்ரோல் காரையும் விற்கத் தொடங்கினர். பெட்ரோல் காரின் அடிச்சட்டத்தைக் கார்ஃபோர்டு நிறுவனம் அளிக்க, அதன்மேல் உடற்கூட்டை அமைத்தவர்கள் இவர்களே. குதிரை வண்டித் தயாரிப்பு 1920 வரை உடன் நடந்தது. கார்த் தயாரிப்பு 1966இல் கனடாவில் முடிவுற்றது.

ரயில் நிலையத்திலிருந்து பயணிகளையும் மூட்டைமுடிச்சுகளையும் ஏற்றிச் சென்ற வண்டியே ‘ஸ்டேஷன் வேகன்’. பின்னர் அப்பெயர் பின்பகுதி நீண்ட காருக்கு நிலைத்தது. 1963ஆம் ஆண்டுக்கான ‘வேகனேர்’ காரில், உயரமான பொருள்களை ஏற்ற வசதியாக, ஸ்டூடிபேக்கர் பின்கூரையை நகர்த்தித் திறக்கும்படி அமைத்தது.

மயிலிறகேயானாலும் அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் குறிப்பிடும் ‘சாகாடு’ பாரம் ஏற்றும் வண்டியே. ஆனால் அச்சொல் இன்று வழக்கில் இல்லை. ஆகவே குதிரை பூட்டிய வேகனைப் ‘பாரவண்டி’ என்பதும், கூட்ஸ் ரயிலின் வேகனைச் ‘சரக்குப் பெட்டி’ என்பதும் பொருந்தும். ‘ஸ்டேஷன் வேகன்’ என்பதை ‘நிலைய வண்டி’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் காரென்றே தோன்றாது. ‘நெடும்பின் கார்’ என்பது ஓரளவு உதவும்.