சங்கு ஊதாத வேலை

"வலி எப்போ ஆரம்பிச்சுது?" இயன்முறை மருத்துவரிடம் போனால் முதல் கேள்வியே இதுதான். மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள் தீபாவளிக்கு முன்னால், பொங்கல் கழிந்து என்று ஏதாவதொரு காலக்கணக்கு சொல்வார்கள். ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்கள் சொல்லும் கணக்கு வேறு. "அந்த ஈரோட்டுக் கல்யாண ஆல்பம் பண்ணிட்டிருந்தப்போ." "சேனல்காரங்க ரெண்டு வீடியோவை அவசரமா கேட்டாங்களே, அப்போ." அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லையா என்று துருவினால், சும்மா கழுத்து கொஞ்சம் இறுகும், விரல் கொஞ்சம் மரக்கும் என்று மெல்ல வெளிவரும். அவர்களைப் பொறுத்தவரை அதெல்லாம் வலிக் கணக்கில் வராது. வேலை நின்றுபோனால்தான் வலி.

கோவையில் என்னிடம் வரும் ஆல்பம் டிசைனர்கள், வீடியோ எடிட்டர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், டெலிவரி ஓட்டுபவர்கள் எல்லாரிடமும் இதைப் பார்க்கிறேன். வலியை எப்படிக் குறைப்பது என்பதைவிட, அது தொடங்கியது ஏன் அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் பெரிய கேள்வியாக எனக்குப் படுகிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்; அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருமண ஆல்பம் வடிவமைக்கும் பெண். ராத்திரியில் கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது, எழுந்து கையை உதறினால்தான் சரியாகிறது என்று வந்தார். மணிக்கட்டு நரம்பு அழுந்துவதற்கு இது பாடப்புத்தக அறிகுறி. அவருடைய லேப்டாப்பையே மேசையில் வைத்து, வழக்கம்போல வேலை செய்யச் சொன்னேன். பின்னால் நின்றுகொண்டு, "தோள் எப்படி இருக்குங்க?" என்று கேட்டேன். "இறக்கித்தானுங்க வெச்சிருக்கேன் மேடம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இரண்டு தோளும் காதை நோக்கி ஏறியிருந்தன. கழுத்தடித் தசையில் கை வைத்தால் கட்டைபோல இருந்தது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுகொண்டிருந்தது. அவருடைய போனிலேயே வீடியோ எடுத்துக் காட்டினேன். நம்பாமல் இரண்டு முறை பார்த்தார்.

தோள் எங்கே இருக்கிறது என்பதைத் தசையும் மூட்டும் சொல்கின்றன. பசி, தாகம், இதயத் துடிப்பு, மூச்சு, சிறுநீர் முட்டுவது ஆகியவை உடம்பின் உள்ளிருந்து வரும் இன்னொரு வகைச் செய்தி. பிரிட்டிஷ் உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-லேயே இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பேசினார். இரண்டாவது வகையை ஆய்வாளர்கள் இன்டரோசெப்ஷன் என்கிறார்கள். 2002-க்குப் பிறகு, குறிப்பாக நரம்பியல் ஆய்வாளர் ஏ.டி. கிரெய்க் மூளையின் இன்சுலா பகுதியைப் பற்றி எழுதியதற்குப் பிறகு, உளவியலும் நடத்தை ஆய்வும் இதன் பக்கம் திரும்பின. சாரா கார்ஃபிங்கல், ஹியூகோ கிரிட்ச்லி குழுவினர் 2015-ல் ஒரு முக்கியமான பிரிவினை செய்தார்கள். உடம்பின் செய்தியைச் சரியாக உணர்வது ஒன்று. சரியாக உணர்கிறேன் என்று நம்புவது இன்னொன்று. அந்த நம்பிக்கை உண்மையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவரிடம் நம்பிக்கை நிறைய இருக்கும். துல்லியம் இருக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் துறையின் பழைய சோதனை மிக எளிது. நாடியைத் தொடாமல், குறிப்பிட்ட விநாடிகளுக்குள் இதயம் எத்தனை முறை துடித்தது என்று மனதுக்குள் எண்ணிச் சொல்ல வேண்டும். கருவியின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவார்கள். ரெய்னர் ஷாண்ட்ரி 1981-ல் வெளியிட்ட முறை இது. வழக்கமான துடிப்பு விகிதம் தெரிந்தவர்கள் அதை வைத்தே ஊகித்துவிடலாம் என்று பிற்பாடு வலுவான விமர்சனம் எழுந்தது. அதனால் இதை வைத்து வந்த முடிவுகளை நான் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சோதனை மனதைவிட்டுப் போவதில்லை. 2007-ல் பெயாட்டே ஹெர்பெர்ட், ஷாண்ட்ரி குழுவினர் ஆட்களை நிலையான சைக்கிளில் ஏற்றி, 15 நிமிடம் உங்கள் இஷ்டத்துக்கு மிதியுங்கள் என்று விட்டார்கள். துடிப்பை நன்றாக உணர்ந்தவர்கள் குறைந்த தூரமே மிதித்தார்கள். அவர்களுடைய இதயத்தின் மேல் ஏறிய சுமையும் குறைவாகவே இருந்தது. வேகத்தைத் தீர்மானிக்க வெளியே யாரும் இல்லாதபோது, உள்ளே கேட்கிற குரல்தான் வேகத்தை அடக்குகிறது. ஃப்ரீலான்ஸ் வேலையும் அந்த இஷ்டப்படி மிதிக்கிற சைக்கிள்தான்.

ஆனால் மிதிப்பவருக்குத் தூரத்துக்குத் தகுந்த காசு கொடுத்தால்? அங்கேதான் சமூக ஆய்வுகள் வருகின்றன.

கோவையில் மில் சங்கு ஊதிய காலத்தில், சாப்பிடும் நேரத்தை யாருடைய வயிறும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எழுதி வைத்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. இவையெல்லாம் உடம்புக்கு வெளியிலிருந்து கிடைத்த காவல். வீட்டு மாடியறையில் தனியாக உட்கார்ந்து ஆல்பம் பக்கம் அடுக்குபவருக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. "வீட்லதானே இருக்கே" என்று சமையலும் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும் பெண்களுக்கு இன்னும் மோசம்.

நியூயார்க் டாக்சி ஓட்டுநர்கள் வண்டியை ஷிஃப்டுக்கு வாடகை எடுத்து, வசூலைத் தாங்களே வைத்துக்கொள்பவர்கள். எப்போது வீட்டுக்குப் போவது என்பது அவர்கள் கையில். 1997-ல் காலின் கேமரர், ரிச்சர்ட் தேலர் உள்ளிட்டோர் அவர்களுடைய பயணப் பதிவுகளைப் பார்த்து, ஓட்டுநர்கள் அன்றைக்கு இவ்வளவு என்று மனதில் ஓர் இலக்கு வைத்திருக்கிறார்கள், சவாரி நன்றாக இருக்கும் நாளில் சீக்கிரம் நிறுத்துகிறார்கள், மந்தமான நாளில் நீண்ட நேரம் ஓட்டுகிறார்கள் என்றார்கள். 2005-ல் ஹென்றி ஃபார்பர் மறுத்தார்: வண்டியை நிறுத்த வைப்பது வசூல் அல்ல, அதுவரை ஓட்டிய மணிநேரம்தான் என்பது அவர் வாதம். பொருளாதார நிபுணர்கள் இன்றும் விவாதிக்கும் விஷயம் இது. என் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, இரண்டு குரலும் ஒரே ஆளுக்குள் கேட்கின்றன. இன்னும் இருநூறு ரூபாய் என்கிறது ஒன்று, முதுகு விட்டுப்போச்சு என்கிறது இன்னொன்று. வீட்டு வாடகை கட்டும் வாரத்தில் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் வேலையைப் பற்றி ஆராயும் உளவியலாளர் ஆண்ட்ரியாஸ் கிராவ்ஸ, தத்துவ அறிஞர் கிளவுஸ் பீட்டர்ஸ் போன்றோர் இன்னும் நேரடியாகச் சொல்கிறார்கள். முடிவுக்கு மட்டுமே கூலி என்று வேலையை அமைத்துவிட்டால், கெடுதி என்று தெரிந்தே மனிதர்கள் தங்கள் உடம்பைத் தாங்களே கெடுத்துக்கொள்வார்கள், ஓய்வைத் தள்ளிப்போடுவார்கள், காய்ச்சலோடு வேலை பார்ப்பார்கள். யாரும் அதட்டத் தேவையில்லை. இதைச் சோம்பலென்றோ அறியாமையென்றோ பேசுவதை நாம் நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். டெலிவரி ஓட்டும் ஒரு தம்பி, தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக இடம் தேட வேண்டும், அதற்குள் ஒரு ஆர்டர் போய்விடும் என்று, தாகத்தையே ஒத்திப்போடப் பழகியிருந்தார். சிறுநீரில் எரிச்சல் வந்தபிறகுதான் அதையே சொன்னார். சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரில் இவர்களுக்கென்று ஏசி ஓய்வறை திறந்ததை நான் மருத்துவ உதவியாகவே பார்க்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் அது வர வேண்டும்.

வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் மதிப்பிட்டன. மணிநேரத்தை எழுதி வைக்காத ஃப்ரீலான்ஸருக்கு, தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதே தெரியாது.

அப்படியானால் எந்நேரமும் உடம்பையே கவனித்துக்கொண்டிருப்பதா? கூடவே கூடாது. ஸ்மார்ட் வாட்சில் துடிப்பைப் பார்த்துப் பார்த்தே படபடப்பை வரவழைத்துக்கொண்டவர்களும் என்னிடம் வருகிறார்கள். உடல் கவனத்தை அளக்க வுல்ஃப் மேலிங் குழுவினர் 2012-ல் தயாரித்த கேள்வித்தாளில், உடம்பைக் கவனிப்பதற்கு ஒரு பிரிவு, அதைக் கண்டு பதறாமல் இருப்பதற்கு ஒரு பிரிவு, உடம்பை நம்புவதற்கு ஒரு பிரிவு என்று 8 பிரிவுகள் உண்டு. பதற்றமில்லாத கவனம்தான் நமக்கு வேண்டியது.

நான் சொல்லிக்கொடுப்பது வேலைக்குள்ளேயே இருக்கும் இடைவெளிகளைப் பிடித்துக்கொள்ள. எடிட் செய்த வீடியோவைக் கணினி முழு வீடியோவாக ஆக்கித் தரும் ரெண்டர் ஓடும்போது, ஃபைல் அப்லோட் ஆகும்போது எல்லாரும் போனை எடுப்பார்கள். போனுக்குப் பதில் எழுந்து நின்று, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தேன், முட்டுகிறதா, தோள் எங்கே இருக்கிறது, கண் எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை சிமிட்டிய கண்கள் கணினித் திரைக்கு முன்னால் 7 முறைதான் சிமிட்டின என்று 1993-ல் ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தோளின் நிலையை முதலில் மனதுக்குள் சொல்லிவிட்டு, பிறகு கையால் தொட்டுப் பாருங்கள். சொன்னதும் தொட்டதும் ஒத்துப்போக ஆரம்பித்தால் துல்லியம் திரும்புகிறது என்று அர்த்தம். அந்த ஆல்பம் டிசைனருக்கு மணிக்கட்டுப் பட்டையைவிட இது அதிகம் உதவியது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றையும் சிகிச்சைச் சீட்டிலேயே எழுதுகிறேன்: ரேட் பேசும்போதே கரெக்‌ஷன் இரண்டு முறைதான் என்று சொல்லிவிடுங்கள், மறுநாள் காலைக்குள் வேண்டுமென்றால் தனிக் கட்டணம் கேளுங்கள், அட்வான்ஸ் வாங்காமல் ராத்திரி உட்காராதீர்கள். எல்லா வாடிக்கையாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்பவர்களிடமாவது கேட்டுப் பாருங்கள்.

விரல் மரத்து ராத்திரித் தூக்கம் கலைந்தால், கையிலிருந்து டம்ளர் நழுவினால், கட்டைவிரல் அடிச்சதை மெலிந்தால், கழுத்து வலி கையில் இறங்கினால், கையிலிருக்கும் ஆர்டர் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல் வந்தால் அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள்.